பேரிடர் முகாமில் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் கவனித்துக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

முகாமில் சாப்பாடு கொடுக்கும் வரிசையைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். நிறைமாதக் கர்ப்பிணி அதில் இருக்கமாட்டார். அவ்வளவு நேரம் நிற்க அவரால் முடியாது. கைக்குழந்தை வைத்திருப்பவர் குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு வருவதற்குள் சாப்பாடு தீர்ந்திருக்கும். இரண்டு பேருமே வந்து முறையிடுவதில்லை. "எல்லாருக்கும்தான் கஷ்டம், நாம மட்டும் தனியா கேக்குறதா" என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள் போய்க் கேளுங்கள்.

மருத்துவப் பயிற்சி இல்லாத தன்னார்வலர்களையும் முகாம் பொறுப்பாளர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மருத்துவரோ செவிலியரோ பக்கத்தில் இருந்தால் அவர்கள் சொல்வதுதான் முதலில்.

1. வாசலிலேயே கேளுங்கள், ஆனால் மெதுவாக

அவசரகாலத் திட்டங்களில் போடப்படும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. பிறப்பு விகிதம் அதிகமுள்ள இடங்களில் 100 பேருக்கு 4 பேர் வரை கர்ப்பிணிகள் இருப்பார்கள். கர்ப்பிணிகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குப் பிரசவத்தை ஒட்டி ஏதாவது சிக்கல் வரலாம். 500 பேர் தங்கும் முகாம் என்றால் 20 கர்ப்பிணிகள், அவர்களில் 3 பேருக்கு மருத்துவமனை தேவைப்படலாம் என்ற எண்ணத்தோடு தயாராக இருக்க வேண்டும்.

பெயர் பதியும் இடத்தில் ஒரு பெண் தன்னார்வலர் கட்டாயம் இருக்கட்டும். "மாசமா இருக்கீங்களா? கைக்குழந்தை இருக்கா?" என்ற கேள்வியைப் பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமல் கேட்க வேண்டும். மூன்று மாதம்கூட ஆகாதவர் வீட்டிலேயே இன்னும் சொல்லாமல் இருக்கலாம். கல்யாணம் ஆகாத பெண் பயத்தில் மறைக்கலாம். ஒலிபெருக்கியில் "கர்ப்பிணிகள் எல்லோரும் முன்னால் வாருங்கள்" என்று கூப்பிட்டால் இவர்கள் யாரும் வரமாட்டார்கள்.

எழுதிக்கொள்ள வேண்டியவை: எத்தனையாவது மாதம், பிரசவத் தேதி, முன்பு அறுவைசிகிச்சை நடந்திருக்கிறதா, பிபி, சுகர், வலிப்பு, ஆஸ்துமா ஏதாவது உண்டா, ரத்த வகை (குறிப்பாக நெகட்டிவ் வகையா), தினமும் சாப்பிடும் மாத்திரை, அது கையில் இருக்கிறதா, எந்த மருத்துவமனையில் பார்த்துவந்தார். பரிசோதனைச் சீட்டுகள் கையில் இருந்தால் அவர் சம்மதத்தோடு அவருடைய போனிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைக்குழந்தை இருந்தால் வயது, தாய்ப்பால் மட்டுமா, இரண்டும் கலந்தா, பால் பவுடர் மட்டுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசித் தகவல் பின்னால் மிகவும் உதவும். இந்த நோட்டு ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும், மேசைமேல் திறந்து கிடக்க வேண்டாம்.

கடைசி மாதத்தில் இருப்பவர்கள், முன்பு அறுவைசிகிச்சை ஆனவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆகியோரை வழி அடைபடுவதற்கு முன்பே மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள இடத்துக்கு மாற்ற முடியுமா என்று அன்றைக்கே பேசுங்கள்.

2. படுக்கவும் நடக்கவும் இடம்

தரைத்தளத்தில், கழிப்பறைக்குப் பக்கமாக, சாய்ந்து உட்காரச் சுவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். கதவோரம் வேண்டாம், ஆட்கள் மிதித்துக்கொண்டு போவார்கள். ஜெனரேட்டர் புகையும் சமையல் புகையும் வராத இடமாக இருக்க வேண்டும். ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் என்பது மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்ஃபியர் கையேட்டின் அளவு. நெரிசலில் எல்லோருக்கும் அது கிடைக்காவிட்டாலும் இவர்களுக்காவது கொடுக்கப் பாருங்கள். வயிறு பெரிதானவருக்குத் தரையிலிருந்து எழுவதே பெரிய வேலை. கட்டிலோ, பெஞ்சோ, உறுதியான அட்டைப்பெட்டிகளைச் சேர்த்து மேலே மெத்தை போட்டதோ எதுவாக இருந்தாலும் சரி. கடைசி மாதங்களில் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னாலும் முழங்கால்களுக்கு நடுவிலும் மடித்த போர்வை வைத்தால் நிம்மதியாக இருக்கும்.

ஒரே இடத்தில் முடங்கிக் கிடப்பதால் வரும் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. ஜப்பானில் 2004 சூயெட்சு நிலநடுக்கத்துக்குப் பிறகு காருக்குள்ளேயே நாள்கணக்கில் தூங்கியவர்கள் சிலருக்குக் காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைக்கட்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குடும்பத்திலிருந்து பிரித்து எல்லாக் கர்ப்பிணிகளையும் ஒரே அறையில் போடுவது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது பெரும்பாலும் பயத்தைத்தான் கூட்டும். அவரிடமே கேளுங்கள். அம்மை, காய்ச்சல், இருமல் உள்ளவர்களை மட்டும் இவர்களுக்கு அருகே படுக்கவைக்காதீர்கள்.

3. அவர் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

முகாமில் நிறையத் தண்ணீர் இருந்தும் கர்ப்பிணி குடிக்காமல் இருப்பார். காரணம் தண்ணீரில் இல்லை, கழிப்பறையில் இருக்கிறது. தூரம், இருட்டு, வழுக்கல், உள்தாழ்ப்பாள் இல்லாத கதவு, வெளியே நிற்கும் ஆண்கள். ராத்திரி போக வேண்டியிருக்குமே என்று சாயங்காலத்திலிருந்தே குடிப்பதை நிறுத்திவிடுவார், வந்த சிறுநீரையும் அடக்குவார். அதிலிருந்து சிறுநீர்த் தொற்று வரும். கர்ப்ப காலத்தில் அந்தத் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் காய்ச்சலும் குறைமாதப் பிரசவ வலியும் வரை கொண்டுபோய்விடும். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தம் கட்டும் ஆபத்தும் ஏறும். இத்தனைக்கும் தொடக்கம் எரியாத ஒரு பல்பு.

அதனால் முதல் நாளே கழிப்பறைக்கு விளக்கும் உள்தாழ்ப்பாளும் போடுங்கள். பெண்களுக்குத் தனி வழியும், பிடித்துக்கொண்டு எழ ஒரு கம்பியும் வேண்டும். குத்தவைத்து உட்கார முடியாதவர்களுக்கு நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்று போதும். இரவில் துணைக்குப் போக ஒரு பெண் தன்னார்வலர் இருக்கிறார் என்று அவர்களிடம் சொல்லியும் வையுங்கள். ஸ்ஃபியர் கையேடு 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்கிறது. மூன்று கிடைக்காவிட்டாலும் பெண்களுக்குக் கூடுதலாக ஒதுக்குங்கள். சோப்பு, நாப்கின், மாற்றுத்துணி ஆகியவற்றைக் கேட்காமலே கொடுத்துவிடுவது நல்லது. பிரசவமான பெண்ணுக்கு வாரக்கணக்கில் நாப்கின் வேண்டும்.

சுத்தமில்லாத தண்ணீரில் பரவும் ஹெபடைட்டிஸ் இ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகச் சரியாகும் காமாலை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் உயிரையே எடுக்கக்கூடியது. இவர்களுக்குக் கொதிக்கவைத்த தண்ணீரோ மூடி திறக்காத பாட்டில் தண்ணீரோ மட்டும் கொடுங்கள். கண் மஞ்சளானால் தாமதிக்காமல் மருத்துவமனை.

4. சாப்பாடும் மாத்திரையும்

கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 285 கலோரியும் பாலூட்டும் தாய்க்கு 500 கலோரியும் கூடுதலாக வேண்டும் என்பது நிவாரண உணவுத் திட்டங்களில் வைக்கும் அளவு. எளிதாகச் சொன்னால், மூன்று வேளைக்கு மேல் இன்னும் ஒரு வேளை. வரிசையில் நிற்கவைக்காமல் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். குமட்டல் உள்ளவரால் ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்க ஏதாவது கையில் இருக்கட்டும். குழந்தைக்குப் பாலூட்டும்போது தாய்க்குத் தாகம் எடுக்கும், அப்போது எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்க வேண்டும்.

இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள், மருத்துவக் குழுவிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பிபி, சுகர், வலிப்பு, தைராய்டு மாத்திரைகள் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டாக்சிசைக்ளின் மாத்திரையை எல்லோருக்கும் மொத்தமாகக் கொடுப்பது உண்டு. கர்ப்பிணிகளுக்கு அது பொதுவாகத் தவிர்க்கப்படும் மருந்து. இபுப்ரூஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அப்படித்தான், குறிப்பாக ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் கொடுக்கலாம். மாத்திரை கொடுக்கும் எவரும் முதலில் "மாசமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

5. பால் வற்றிவிட்டதா?

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். நடு ராத்திரி, கூடம் முழுக்க ஆட்கள், குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் மார்பில் போடுகிறார், இரண்டு நிமிடம் சப்பிவிட்டுக் குழந்தை மறுபடி அழுகிறது. பக்கத்தில் யாரோ சலித்துக்கொள்கிறார்கள். "அதிர்ச்சியில பால் வத்திப்போச்சு" என்கிறார் ஒரு பெரியவர். இன்னொருவர் நல்ல மனதோடு ஒரு பால் பவுடர் டின்னை நீட்டுகிறார்.

உண்மையில் பால் வற்றவில்லை. பால் உண்டாவது ஒன்று, அது இறங்கி வருவது வேறு ஒன்று. உண்டாக்குவது புரோலாக்டின் என்ற ஹார்மோன், இறக்கிவிடுவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பயமும் பதற்றமும் இரண்டாவதைக் கொஞ்ச நேரம் தடுக்கும், அவ்வளவுதான். தாய் அமைதியாகி, குழந்தை தொடர்ந்து சப்பினால் பால் இறங்கிவிடும். ஆனால் அந்த நேரத்தில் புட்டிப்பால் கொடுத்துவிட்டால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், மார்பில் பால் எடுக்கப்படாது. எடுக்காத பால் அடுத்த முறை குறைவாகச் சுரக்கும். இரண்டு மூன்று நாளில் நிஜமாகவே பால் குறைந்து, "அப்பவே சொன்னேனே" என்று ஆகிவிடும்.

அந்த ராத்திரியில் நீங்கள் செய்ய வேண்டியவை எளியவை. தாயை மறைவான இடத்துக்கு அழைத்துப் போங்கள். குடிக்க ஏதாவது வெதுவெதுப்பாகக் கொடுங்கள். நம்பிக்கையான ஒரு பெண் பின்னால் உட்கார்ந்து தோள்பட்டையையும் முதுகையும் நீவிவிடட்டும். குழந்தையின் சட்டையைக் கழற்றித் தாயின் வெறும் மார்போடு சேர்த்து, இருவரையும் ஒரே போர்வையால் மூடுங்கள். குழந்தையின் வாய் காம்பை மட்டும் கவ்வாமல் கறுப்பு வட்டத்தையும் சேர்த்து அகலமாகக் கவ்வுகிறதா என்று பாருங்கள். "உங்களுக்குப் பால் இருக்கு, இறங்கக் கொஞ்ச நேரம் ஆகுது" என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கே பாதி பலன் உண்டு.

முதல் வாரம் தாண்டிய குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறையாவது வெளிர் நிறச் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தாய்க்கே சாப்பாடு குறைவு, உடம்பு மெலிந்திருக்கிறது என்றாலும் பால் சுரக்கும். சாப்பாட்டைத் தாய்க்குக் கொடுங்கள், பாலை அவர் குழந்தைக்குக் கொடுத்துக்கொள்வார். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எது இருந்தாலும் பொதுவாகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. அவர் உடம்பு அந்தக் கிருமிக்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்புப்பொருள் பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை முகாமில் இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருந்தால், வெந்நீரில் நனைத்த துணியை வைத்துவிட்டுக் கையால் பீய்ச்சலாம். கட்டைவிரலை வட்டத்துக்கு மேலும் மற்ற விரல்களைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து விட வேண்டும். வலிக்கக் கூடாது. சுத்தமான கிண்ணத்தில் பிடித்த பாலை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை வைத்துக் கொடுக்கலாம். வெயிலில் கொதிக்கும் கூடாரத்தில் அவ்வளவு நேரம் வைக்காதீர்கள். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், பாலூட்டுவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இதற்கெல்லாம் ஓர் இடம் வேண்டும். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு தாய்-சேய்க் கூடாரங்கள் அமைத்தார்கள். அங்கே தாய்மார்கள் உட்கார்ந்து பாலூட்டினார்கள், ஆலோசனை பெற்றார்கள், ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். உங்கள் முகாமில் கயிறு கட்டித் தொங்கவிட்ட இரண்டு போர்வையும் நாலு நாற்காலியும் கொஞ்சம் தண்ணீரும் போதும். இருந்த இடத்திலேயே பாலூட்ட விரும்புகிறவரை அங்கே போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

6. பால் பவுடர் டின்கள் வந்து குவியும்போது

நன்கொடையாகப் பால் பவுடரும் புட்டிகளும் வரும். எல்லோருக்கும் பொதுவாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு நன்கொடைப் பால் பவுடர் பெற்ற சிறு குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு, பெறாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் போட்ஸ்வானாவில் கனமழைக்குப் பின் பரவிய வயிற்றுப்போக்கில் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விளம்பரப்படுத்தி விற்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிமுறை 1981-லேயே வந்துவிட்டது. அவசரகாலச் சிசு உணவூட்டல் பற்றிய 2017 வழிகாட்டுதல், இவற்றை நன்கொடையாகக் கேட்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறது. வந்துவிட்டால் பூட்டி வைத்து, சுகாதாரக் குழுவிடம் ஒப்படையுங்கள்.

ஆனால் தாயை இழந்த குழந்தையும், முன்பிருந்தே பவுடர் பாலில் வளரும் குழந்தையும் பட்டினி கிடக்கக் கூடாது. அந்தத் தாயைக் குற்றவாளிபோல நடத்தவும் கூடாது. பதிவு நோட்டு இங்கேதான் உதவும். அந்தக் குழந்தைகளுக்கு மட்டும், முகாமில் இருக்கும் வரை விட்டுப்போகாமல், தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள். கலக்கத் தேவையில்லாத, அப்படியே ஊட்டக்கூடிய திரவப் பால் கிடைத்தால் மிக நல்லது. பவுடர்தான் என்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்க வேண்டும். பவுடரே கிருமி நீக்கப்பட்டதல்ல என்பதுதான் காரணம். ஆறவைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். டின்னில் போட்ட அளவைவிட நீர்க்கக் கலக்காதீர்கள். புட்டி வேண்டாம், சின்னக் கிண்ணம் போதும். புட்டியின் மூலைமுடுக்கைக் கழுவ முகாமில் வழி இருக்காது. கைக்குழந்தைகூடக் கிண்ணத்திலிருந்து நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றாமல் உதட்டில் விளிம்பு படும்படி சாய்த்துப் பிடித்தால் போதும்.

கலந்து கொடுத்துவந்த தாய்க்கு, அடிக்கடி மார்பில் போட்டுப் பவுடரைப் படிப்படியாகக் குறைக்க உதவுங்கள். நின்றுபோன சுரப்பைக்கூடப் பொறுமையாக மீண்டும் கொண்டுவர முடியும்.

7. இவற்றைக் கண்டால் வண்டியைக் கூப்பிடுங்கள்

இதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெண்கள் பகுதியில் ஒட்டிவிடுங்கள்.

கர்ப்பிணிக்கு: எந்த அளவானாலும் ரத்தப்போக்கு, நிற்காத தலைவலியோடு கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு, காய்ச்சல், கடும் வயிற்றுவலி, பனிக்குடம் உடைதல், மூச்சுத்திணறல், குழந்தை அசைவு குறைதல், பிரசவத் தேதிக்கு முன்பே வலி.

பிரசவமானவருக்கு: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, மயக்கம். பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் வரை தலைவலியோடு பிபி ஏறி வலிப்பு வரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

பச்சிளங்குழந்தைக்கு: பால் குடிக்காமல் துவளுதல், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குதல், உடம்பு சுடுதல் அல்லது சில்லிடுதல், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாதல், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு.

எந்த வண்டி, யார் ஓட்டுவார், எந்தச் சாலை திறந்திருக்கிறது, துணைக்கு யார் போவார், முகாமில் விட்டுப்போகும் மூத்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாததால் கிளம்பத் தயங்கும் தாய்மார்கள் நிறைய.

8. முகாமிலேயே பிரசவம் ஆகிவிட்டால்

ஒவ்வொரு முகாமிலும் ஒரு பிரசவப் பை தயாராக இருக்கட்டும்: சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பு, சோப்பு, கையுறை, உறை பிரிக்காத பிளேடு, தொப்புள்கொடி கட்டச் சுத்தமான நூல், நாலைந்து உலர்ந்த துணி, குழந்தைக்குத் தொப்பி.

தலை தெரிகிறது, முக்கத் தோன்றுகிறது என்றால் வண்டியில் ஏற்றாதீர்கள், காலைச் சேர்த்துப் பிடித்துத் தடுக்கவும் வேண்டாம். போனில் மருத்துவரையோ செவிலியரையோ பிடியுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தாய்க்கு எப்படி வசதியோ அப்படி இருக்கட்டும். வயிற்றை அமுக்காதீர்கள், குழந்தையை இழுக்காதீர்கள், வருவதைக் கையால் தாங்குங்கள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் மெதுவாகத் தலைக்கு மேலே கழற்றிவிடுங்கள்.

வெளியே வந்ததும் உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். அழவில்லை என்றால் துடைத்தபடியே முதுகை அழுத்தித் தேயுங்கள். ஈரத்துணியை எடுத்துவிட்டுத் தாயின் நெஞ்சில் போட்டு இருவரையும் மூடுங்கள். கொடியை அவசரமாக அறுக்கத் தேவையே இல்லை. உறை பிரிக்காத பிளேடு இல்லாவிட்டால் அறுக்காமல் அப்படியே அனுப்பலாம். நஞ்சுக்கொடி (பிளசென்டா) தானாக வரும், தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்தால் ரத்தப்போக்கில் முடியும். வந்ததும் ஒரு பையில் போட்டுக் கூடவே அனுப்புங்கள். பிறகு தொப்புளுக்குக் கீழே கருப்பையைத் தொட்டுப் பார்த்து, மெத்தென்று இருந்தால் கெட்டியாகும் வரை தேய்த்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும், அது கருப்பை சுருங்கவும் உதவும். தொப்புளில் எதுவும் தடவ வேண்டாம், 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம். பிரசவம் நன்றாக முடிந்தாலும் இருவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

எடை குறைந்த, குறைமாதக் குழந்தை என்றால் தாயின் நெஞ்சோடு தோல் படக் கட்டிவைப்பதுதான் முகாமில் கிடைக்கும் சிறந்த இன்குபேட்டர். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-இல் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கிய முறை இது. இப்போது உலக சுகாதார நிறுவனமே நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொல்கிறது. தாய்க்கு முடியாதபோது தந்தையோ பாட்டியோ கட்டிக்கொள்ளலாம்.

9. குழந்தையை இழந்தவர்

இவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். பேரிடரில் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவருக்கும் மார்பில் பால் சுரந்துகொண்டுதான் இருக்கும். நாலைந்து மாதம் தாண்டிக் கரு கலைந்தாலும், குழந்தை இறந்தே பிறந்தாலும் இரண்டு மூன்று நாளில் பால் வரலாம். பச்சை உடம்போடு, நனைந்த ரவிக்கையோடு, யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பார். தயவுசெய்து அவரைப் பாலூட்டும் தாய்மார்கள் பக்கத்தில் படுக்கவைக்காதீர்கள்.

அவருக்குச் செய்யக்கூடியது: வலி தணியும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சிவிடுவது, குளிர்ந்த ஈரத்துணி, தாங்கிப்பிடிக்கும் உள்ளாடை, பாராசிட்டமால், நாப்கின், மாற்றுச் சேலையோ சட்டையோ. துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள், பால் கட்டிக் காய்ச்சல் வரும். முழுவதும் காலி செய்யாமல் இருந்தால் சுரப்பு மெல்ல மெல்ல நின்றுவிடும். "இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். குழந்தைக்குப் பெயர் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவர் பேச விரும்பினால்.

மற்ற தாய்மார்களையும் தினமும் ஒருமுறை பார்த்து "தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா" என்று கேளுங்கள். குழந்தை தூங்கிய பிறகும் தூக்கம் வராதவர், குழந்தையைத் தொடவே விரும்பாதவர், சாவைப் பற்றிப் பேசுகிறவர் இருந்தால் தனியாக விடாமல் அன்றே மனநல உதவிக்குச் சொல்லுங்கள். யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்பதையும் பெண் தன்னார்வலர் தனியே கேட்கட்டும், வீட்டு ஆட்களையும் சேர்த்து.

10. முகாமை விட்டுப் போகும்போது

வண்டி ஏறும் நாளில் எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள், இவர்களுடைய தகவல் அப்போதுதான் தொலையும். முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்: முகாமில் போட்ட ஊசி, கொடுத்த மாத்திரை, கடைசியாகப் பார்த்த பிபி, குழந்தையின் எடை, அடுத்த பரிசோதனை அல்லது தடுப்பூசித் தேதி, போக வேண்டிய மருத்துவமனை, கூப்பிட வேண்டிய எண். மாத்திரை இரண்டு வாரத்துக்காவது சேர்த்துக் கொடுங்கள். பவுடர் பாலில் இருக்கும் குழந்தைக்கு, போகும் இடத்தில் அடுத்த டின் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்லுங்கள். முகாமில் பிறந்த குழந்தை என்றால் பிறந்த தேதி, நேரம், இடம், பிரசவத்தின்போது இருந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பிறப்புப் பதிவுக்கு அலைய வேண்டியிருக்காது.